தொண்டையில் ஒன்றுமில்லை

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. காலையில் அரிசி அளந்து கொடுப்பேன். சமையல்கார அம்மா உலை வைப்பார். மதியம் மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்காருவார்கள். பிள்ளைகளைச் சாப்பிட வைப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. என் மகள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் கறி வேண்டாம் என்றாள். யாரும் கவலைப்படவில்லை, கறி மிச்சமானது. பிறகு தோசை வேண்டாம், இட்லி வேண்டாம். கடைசியில் சோறு. குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் ஒரு வாய் வாங்கிக்கொண்டு வெகுநேரம் மென்றுகொண்டே இருப்பாள். சோறு கூழாகி, கூழ் தண்ணீராகிய பிறகும் மெல்லுவாள். பிறகு எழுந்து பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவாள்.

"ஏம்மா துப்புற?"

"உள்ள எறங்கல."

"ஏன் எறங்கல?"

"நிக்கிது."

தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கும் உள்நாக்கும்தான் தெரிந்தன.

என் கணவர் கரும்பு டிராக்டர் ஓட்டினார். ஆலை ஓடுகிற மாதங்களில் அவர் வீட்டில் இருப்பது அபூர்வம். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் வண்டி வரிசையில் நிற்பதுதான் அவருடைய பாதி உத்தியோகம். ஒரு நாள் வந்தவர் மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாடி, புள்ள இப்பிடி எளச்சிப் போயிக்கிது?"

"முழுங்க மாட்டேங்குறா."

"சோத்த கொழைய வடிச்சியா?"

"வடிச்சேன்."

"அப்ப கஞ்சியா குடு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கஞ்சியாகக் கொடுத்தேன். குடித்தாள், ஆனால் வடிகட்டித்தான் குடித்தாள். நொய்யரிசி ஒன்று மிதந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூட்டை மூட்டையாக அரிசியில் கல் பொறுக்கியவள் நான். என் கண்ணுக்குத் தப்பியது அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

விஷயம் தெருவில் பரவியதும் எல்லோரும் வந்து முழுங்கிக் காட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா வாழைப்பழம் ஒன்றை உரித்து, "பாரு கண்ணு, இப்பிடி வாயத் தொற, இப்பிடி தள்ளு, அவ்ளோதான்" என்று முழுதாக உள்ளே தள்ளினார். என் மகள் இமைக்காமல் பார்த்தாள். அவளுக்கு விருப்பம் வந்துவிட்டது என்று நினைத்து அக்கா இன்னொரு பழமும் சாப்பிட்டார். அவர் செத்துவிடுவாரோ என்று பயந்துதான் அப்படிப் பார்த்ததாக மகள் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

பள்ளியிலும் சங்கடம். ஒரு நாள் மதியம் அதிகாரி ஒருவர் சத்துணவு பார்வையிட வந்தார். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட, ஒருத்தி மட்டும் தட்டில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு ஏன் சாப்பிடல? சாப்பாடு நல்லா இல்லியா?"

"அது அமைப்பாளரோட பொண்ணு சார்" என்றார் தலைமை ஆசிரியர்.

உதவி செய்வதாக நினைத்துத்தான் அவர் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார், சாம்பாரைப் பார்த்தார். கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காததால் அவருக்கு இன்னும் சந்தேகம் வந்தது. ஒரு டப்பாவில் சாம்பாரை ஊற்றி எடுத்துக்கொண்டு போனார். அந்த சாம்பாரைப் பற்றி அதற்குப் பிறகு எனக்குத் தகவல் எதுவும் வரவில்லை.

டாக்டரிடமும் காட்டினோம். பக்கத்து டாக்டர் வயிற்றில் பூச்சி என்றார். பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். அடுத்தவர் பசி இல்லை என்று டானிக் எழுதினார். டானிக் நன்றாக வேலை செய்தது, அதைக் குறை சொல்ல முடியாது. மகளுக்குப் பசி எடுத்தது. பசியோடு உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தாள். நான் சமைக்கும்போது அடுப்படியில் வந்து நின்று வாசனை பிடிப்பாள். "இன்னிக்கி கத்திரிக்கா காரக்கொழம்பாம்மா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அதை வடிகட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

என் மாமியார் வழியில் ஒருவர், "இது தொக்கம்" என்றார். தின்ற பொருள் உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் தொக்கம் என்பார்கள். அதை வாயால் உறிஞ்சி எடுப்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு அம்மா கைராசியானவர் என்று சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். மலை வளைவுகளில் என் கணவர் வாந்தி எடுத்தார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு அடுத்தவர் ஓட்டும் வண்டி ஒத்துக்கொள்ளாது.

அந்த அம்மாவின் வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது. மரியாதையான மனுஷி. வந்ததும் தண்ணீர் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். பிறகு மகளை எதிரில் உட்காரவைத்து, ஒரு சின்னக் குழாயைக் கழுத்தின் வெளிப்பக்கம் வைத்துப் பலமாக உறிஞ்சினார். தன் உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். வெள்ளையாக, சின்னதாக ஏதோ ஒன்று இருந்தது.

"பாருங்க. எப்பவோ துன்னது. ஒட்டிக்கினு இருந்திருக்கு."

எனக்கு மூச்சு வந்தது. என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் அந்த உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள்.

"இது என் தொண்டையிலயா இருந்திச்சி?"

"ஆமாங் கண்ணு."

"இன்னும் இருக்குமா?"

"இருந்தா அடுத்த வாட்டி வா, எடுத்துர்லாம்" என்றார் அந்த அம்மா, அன்பாகத்தான்.

சாமைச் சோறு போட்டார். நானும் கணவரும் சாப்பிட்டோம். இனி மகளும் சாப்பிடுவாள் என்ற நம்பிக்கையில் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டோம். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவளுக்குத் தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று சந்தேகம் மட்டும் இருந்தது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது அவள் பேசவே இல்லை. கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். கீழே வந்து இறங்கியதும் ரோட்டோரம் போய்க் குனிந்தாள். வழியெல்லாம் எச்சிலை வாயிலேயே சேர்த்து வைத்திருந்தாள்.

அதிலிருந்து எச்சிலையும் முழுங்கவில்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். வகுப்பிலும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் நல்லவர். ஆனாலும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வூட்லயே வச்சிக்கங்களேன்" என்றார். வீட்டில் வைத்தால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் பள்ளியில் சோறு போடவேண்டும். அதனால் அவள் சமையல் கூடத்தில் என்னோடு உட்கார்ந்தாள், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், மடியில் டப்பாவோடு. சமையல்கார அம்மா அவளுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லிப் பருப்பு பொறுக்க வைத்தார். பருப்பு அந்த மாதம் மிகச் சுத்தமாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனோம். நீளமான கருவி ஒன்றை விட்டு உள்ளே பார்த்தார். அதற்கு அவளைப் பிடித்துக்கொள்ள என் கணவர், நான், ஒரு நர்ஸ், பிறகு டீ கொண்டுவந்த ஆள் எல்லோரும் வேண்டியிருந்தது.

"தொண்டையில ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"அப்ப ஏன் சார் எறங்க மாட்டேங்குது?"

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்து, "இவங்களப் பாத்துடுங்க" என்றார். வெளியே கூட்டம் அதிகம். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். சீட்டு கொடுத்தால் மருந்துக் கடைக்குப் போவதுதான் வழக்கம். போய் நீட்டினேன். கடைக்காரப் பையன் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இது மாத்திர இல்ல. டாக்டரு."

"எங்க கெடைக்கும்?"

"இங்க கெடைக்காது. மனநல டாக்டர்னு போட்டிருக்கு."

பின்னால் நின்றவர்கள் எங்களுக்கு நன்றாக வழி விட்டார்கள். என் கணவர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறியதும், "நம்ம புள்ளைக்கு தொண்டையில தான நோவு. தலையில இல்லியே" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த டாக்டர் அவசரத்தில் வேறு யாருடைய சீட்டையோ எங்களிடம் கொடுத்துவிட்டார் என்று முடிவு செய்தோம். அந்த முடிவோடு கொஞ்ச காலம் ஓடியது.

மகளின் எடை குறைந்துகொண்டே வந்தது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தினேன். ஒரு நாள் காலை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நான் பெரிய பொண்ணாவ மாட்டேனாம்மா?" என்றாள். சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கணவரின் சட்டைப் பைகளைத் தேடினேன். சீட்டு துவைப்பில் போய்விட்டிருந்தது. எழுத்து எதுவும் மிஞ்சவில்லை.

மறுபடி அதே மருந்துக் கடைக்குப் போனேன். அந்தப் பையனுக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரத்திலிருந்து மனநல டாக்டர் ஒருவர் வாரத்தில் புதன்கிழமை மட்டும் டவுன் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று விசாரித்துச் சொன்னான். புதன்கிழமை நான் லீவு போட்டேன். கணவர் டிராக்டரை நிறுத்தினார். போனால், டாக்டர் வேறு ஊர் முகாமுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த புதன்கிழமையும் போனோம்.

மற்ற நாட்களில் அது கண் டாக்டரின் அறை. சுவரில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் போட்ட அட்டை தொங்கியது. வெளியே பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். கருணாபுரத்திலிருந்து ஒரு அம்மா, குடியை விடவைக்க, தன் கணவரைக் கூட்டிவந்திருந்தார். அந்த மனுஷனுக்குக் கை நடுங்கியது. நடுக்கம் தெரியாமலிருக்கக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மகளையும் அவள் டப்பாவையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?"

மகள் டப்பாவில் துப்பிவிட்டு, "முழுங்க முடியல" என்றாள்.

அவர் யோசித்தார். "எனக்கு முழுங்காம இருக்க முடியல" என்றார்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் சிரித்துவிட்டார். பெஞ்சே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அவள் பல் தெரிந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பெண். வயது கம்மி. எங்களை விட்டுவிட்டு மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இத்தனை டாக்டர்களில் அவளிடம் நேராகப் பேசியவர் இவர்தான். மற்றவர்கள் அவள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்கள். கதவு நெடுநேரம் மூடியே இருந்தது. பிறகு எங்களையும் கூப்பிட்டார்.

"ஸ்கூல்ல ஒரு பையனுக்கு முட்ட அடச்சிக்கிச்சாமே. ஞாபகம் இருக்காம்மா?"

இருந்தது. நாலாம் வகுப்புப் பையன். சத்துணவு முட்டையை அவசரமாகத் தின்று, தொண்டையில் அடைத்து, கண் பிதுங்கி நின்றான். ஆசிரியர் ஓடிவந்து முதுகில் ஓங்கி அறைந்ததும் முட்டை வெளியே வந்து விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முட்டை கேட்டான். கொடுத்தேன். அன்று வரிசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மகள்.

"அந்தப் பையன் நல்லாத்தான் இருக்கான் மேடம். இன்னிக்கும் மொத ஆளா வந்து ஒக்காருவான்."

"அவன் நல்லாதாம்மா இருப்பான். அடச்சது அவனுக்கு, பயந்தது இவ."

என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "மேடம், இது பைத்தியத்துல சேராதுங்களே?"

"இல்லீங்க. பயம். எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணுக்கு பயம் இருக்கும். உங்களுக்கு இல்லியா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஆல வாசல்ல நிக்கச்சொல்ல கரும்பு காஞ்சி எட கொறஞ்சிடுமோன்னு இருக்கும்."

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர். "இதுக்குப் பண்ணலாம்."

"மாத்திர குடுப்பீங்களா?"

"முழுங்கப் பயப்படற பொண்ணுக்கு மாத்திரையா?"

என் கணவர் தலையைச் சொறிந்தார். எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் மருந்தில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து எப்படித் திரும்பிப் போவது என்று தெரியவில்லை.

டாக்டர் மகளிடம், எதைச் சாப்பிட ரொம்பக் கம்மியாகப் பயம் என்று கேட்டார். வடிகட்டாத கஞ்சி என்றாள். அதற்கு மேல்? கரைத்த மோர்சோறு. அதற்கு மேல் சாம்பாரில் ஊறிய இட்லி. அப்படியே போய்த் தோசை, பூரி, கறி, எல்லாவற்றுக்கும் உச்சியில் முட்டை. படி ஏறுவதுபோல ஏறலாம், ஒரு படியில் பயம் போனபிறகுதான் அடுத்த படி, ஏறுவது எப்போது என்று நீதான் சொல்லவேண்டும் என்றார். பயம் வரும்போது மூச்சை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் முதலில் சொந்த எச்சில். அங்கேயே, அந்தக் கண் அட்டைக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு தடவை எச்சிலை முழுங்கினாள். முழுங்கிவிட்டுச் சாவுக்காகக் காத்திருப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து டாக்டரைத்தான் பார்த்தாள், எங்களை அல்ல.

பிறகு என் முறை. "சாப்புடுன்னு சொல்லக் கூடாது. கெஞ்சக் கூடாது. அவ சாப்பிடறப்ப வாயையே பாத்துக்கிட்டு ஒக்காரக் கூடாது."

"அப்ப நான் இன்னா மேடம் பண்றது?"

"நீங்க சாப்பிடுங்க."

எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்து அதுதான். நான் சாப்பிட்டே ரொம்ப நாளாகியிருந்தது. நின்றுகொண்டு, பாத்திரத்தில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்வேனே தவிர, தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகமில்லை. அன்று மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கணவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மகள் வடிகட்டாத கஞ்சியை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். இழுத்து விடும் சத்தம் கேட்டது. பிறகு டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு பிரசவத்திலும் பட்டதில்லை.

சீக்கிரமாக எதுவும் நடக்கவில்லை. மோர்சோற்றில் பல வாரம் நின்றாள். ஊர்க்காரர்கள், "புதங்கெழம புதங்கெழம எங்க போறீங்க?" என்று கேட்டார்கள். கண் டாக்டர் அறைதானே, "கண்ணு பாக்க" என்றேன். கொஞ்ச நாளில் எதிர்வீட்டு அக்கா, "கண்ணுல கோளாறுன்னா சோறு எறங்காதா?" என்று வந்து நின்றார். அதற்குமேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மனசுக்குப் பார்க்கிற டாக்டர் என்று சொல்லிவிட்டேன். அக்கா தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, தன் தங்கை மகன் ராத்திரியில் அலறுகிறான், அந்த டாக்டர் எந்த ரூமில் இருப்பார் என்று கேட்டார்.

பள்ளி திறந்தபோது மகள் டப்பா இல்லாமல் வகுப்புக்குப் போனாள். இட்லி வந்தது. தோசை வந்தது. தீபாவளிக்குக் கறி வந்தது, ரொம்பச் சின்னத் துண்டு, ஊர்வலம்போல மெதுவாகப் போனது. முட்டை மட்டும் வரவில்லை. டாக்டரிடம் குறையாகச் சொன்னேன். "முட்ட சாப்பிடாம ஊர்ல எத்தன பேரு நல்லா இருக்காங்க" என்றார். எனக்குச் சரியென்றுதான் பட்டது, நான் முட்டை கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளாக இருந்தாலும்.

அந்த டாக்டரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் ஆண். "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். நான் ஆரம்பிப்பதற்குள் மகள் எல்லாவற்றையும் சொன்னாள், படிப்படியாக, தான் இப்போது எந்தப் படியில் நிற்கிறாள் என்பது வரை. அவர் கேட்டுவிட்டு என்னிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார். சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அதோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அவள் பிளஸ் டூ படிக்கும்போது பொதுத்தேர்வு நெருங்கிய சமயம் பழையபடி சோற்றை வெகுநேரம் மெல்ல ஆரம்பித்தாள். ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே ஒரு புதன்கிழமை டியூஷனுக்கு மட்டம் போட்டு, டவுன் பஸ் ஏறித் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் நான் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வந்து பையைக் கழற்றி மாட்டினாள்.

"எங்க போய்ட்டு வர்ற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"தனியாவா? டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பரிச்ச வரைக்கும் வாரா வாரம் வரச் சொன்னாரு. அப்பறம் அம்மா எப்பிடி இருக்காங்கன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நல்லா இருக்காங்க, இதுக்கு மட்டும் அவங்க வர வேணாம், நானே வந்துக்கிறேன்னேன்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, முறுக்கு அச்சை எடுத்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.